நாலு மாதம் என்று ஊருக்குச் சொன்ன நாள்

பெண்ணைக் கொல்வதென்று முடிவெடுத்த ஒரு வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குப் பயிற்சியில் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். எனக்கும் சொல்லித் தரவில்லை. மற்ற வீடுகளைப் போலத்தான் இருக்கும். முற்றம் கூட்டியிருக்கும், சாமிப் படத்துக்குப் பூ வைத்திருக்கும். நீங்கள் போனால் கதிரையைத் துடைத்துப் போட்டு, கடைக்கு ஆளனுப்பிச் சோடா எடுப்பிப்பார்கள். பேச்சும் மரியாதையாகவே இருக்கும். அந்த மரியாதையில் மயங்கிவிடாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

புதிதாக வேலைக்கு வரும், வீடு வீடாகப் போய்த் தாய்மாரைப் பார்க்கும் மருத்துவமாதுகளுக்கு ஏதாவது எழுதுங்கள் என்று கேட்டார்கள். நிறை பார்ப்பது, பிரஷர் பார்ப்பது, ஊசி போடுவது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சிலாபத்துக்கு வடக்கே, உடப்புப் பக்கத்துக் கடலோரத்தில் என் உத்தியோக காலம் முழுவதையும் கழித்தவள். முதலில் சைக்கிள், பிறகு ஸ்கூட்டர். அந்தப் பக்கத்தில் நான் மணலில் விழுந்து எழும்பாத தெருவோ ஒழுங்கையோ கிடையாது. என் வாய் கொஞ்சம் பொல்லாதது என்று மேலதிகாரிகள் எல்லாரும் சொன்னார்கள். அவர்கள் சொன்னது சரிதான். ஆனால் ஒரு தாயின் இரகசியம் என்று வந்தால் என் வாயைப் போலப் பூட்டு வேறில்லை என்று ஊர்ப் பெண்களும் சொன்னார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்ட கதை இது. ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு, நீங்களும் சீக்கிரம் பழகிவிடுவீர்கள். கலியாணம் ஆகாத பெண்ணுக்கு வயிற்றில் பிள்ளை என்று தெரிந்தால் நாங்கள் அவளுடைய வீட்டுப் பக்கமே போக மாட்டோம். ஊரார் மிஸ்ஸி என்று கூப்பிடுகிற எங்களுடைய ஸ்கூட்டர் வாசலில் நின்றால் ஊருக்கு விளங்கிவிடும் என்று, கிளினிக் முடிந்து எல்லாரும் போன பிறகு பின்கதவால் வரச்சொல்லிப் பார்ப்போம். அவள்மேல் உள்ள இரக்கத்தில்தான் அப்படிச் செய்வோம். பெரும்பாலும் அதுதான் சரியும்கூட.

பக்கத்துப் பகுதியில் எனக்கு மூத்த மிஸ்ஸி ஒருவர் இருந்தார். நான் வேலை பழகியது அவரிடம். அவர் ஒரு பெண்ணை இப்படித்தான் மிகக் கவனமாக மறைத்துப் பார்த்துவந்தார். அயலுக்குத் தெரியாது, கிளினிக்கில் மற்றவர்களுக்குத் தெரியாது. ஒருநாள் காலையில் அந்தப் பெண் பூச்சிமருந்து குடித்துவிட்டாள் என்று செய்தி வந்தது. காதல் தோல்வி என்று வீட்டார் சொன்னார்கள், ஊரும் தலையாட்டியது. மிஸ்ஸி பொலிஸுக்குப் போய் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது என்றார். இவ்வளவு நாளும் நீங்கள் ஏன் அந்த வீட்டுக்குப் போகவில்லை என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள்.

"நான் மூடி வச்சன், பிள்ளை. அவங்களுக்கு அதுதான் வசதியாப் போச்சு. ஆருக்கும் தெரியாத பிள்ளைய ஆரும் தேட மாட்டினம்தானே" என்று என்னிடம் சொல்லி அழுதார். வேலையில் அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

கௌரவக் கொலை என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். எங்கள் பக்கத்தில் அந்தப் பேச்சே கிடையாது. "மருந்து குடிச்சிட்டாள்" என்பார்கள், அத்தோடு கதை முடிந்துவிடும்.

யுத்தம் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு மேகலாவின் விஷயம் வந்தது. அவளுடைய தகப்பன் கரைவலைச் சம்மாட்டி. அதாவது வலையும் வள்ளமும் அவருடையவை. கயிறு இழுக்கிற ஆட்கள் அவரிடம் முற்பணம் வாங்கி வேலை செய்கிறவர்கள். கோயில் திருவிழாவில் அவருக்கு முதல் மரியாதை. ஒரு கிளினிக் நாளில் அவருடைய மனைவி திரிபோஷா சத்துமா வாங்க வந்த பெண்களோடு பெண்ணாக நின்று, என் காதுக்குள் சொன்னார்.

"வீட்ட ஒருக்கா வந்து போங்க மிஸ்ஸி. பிள்ளைக்கு வயித்துக்க சரியில்லை."

அன்று பின்னேரமே போனேன். அடுத்த வளவில் செல்லக்கா கருவாடு புரட்டிக்கொண்டு நின்றார். ஐந்து பிள்ளைகளும் என் கையால் பிறந்த உரிமையில் என்னை வேலியருகே மறித்துக் கதை கேட்பவர் அவர்.

"சம்மாட்டி வீட்டயா மிஸ்ஸி? பாவம் அந்தப் பிள்ளை. மனம் சரியில்லையாம். சாகப்போறன், சாகப்போறன் எண்டு நிக்குதாம். தாய்தான் கிணத்தடியில சொல்லி அழுதா."

நான் தலையாட்டிவிட்டு உள்ளே போனேன். தகப்பனும் அவருடைய தம்பியும் விறாந்தையில் இருந்தார்கள். கதிரை வந்தது, சோடா வந்தது. தகப்பன் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"எத்தின மாசம் எண்டு பார்த்துச் சொல்லுங்க மிஸ்ஸி. ஏதும் செய்யலாமோ எண்டும் சொல்லுங்க. ஊருக்குத் தெரியாது. உங்கட வாய் கெட்டி எண்டுதான் கூப்பிட்டனாங்க."

அறைக் கதவின் கொளுக்கி வெளிப்பக்கம் இருந்தது. புதுக் கொளுக்கி, அடித்த ஆணிகூட இன்னும் பளபளத்தது. தாய் அதைக் கழற்றிவிட்டு என்னை உள்ளே விட்டார். தான் உள்ளே வரவில்லை.

மேகலாவுக்கு இருபது கடந்திருந்தது. ஏ.எல். படித்தவள், நல்ல துடியாட்டமான பிள்ளை. கட்டிலில் காலைத் தொங்கப் போட்டு இருந்தாள். கன்னத்தில் பழைய அடியின் மஞ்சள் நிறம். நான் வயிற்றைப் பார்த்தேன். நாலு மாதம். செய்வதற்கு ஒன்றுமில்லை, சட்டமும் விடாது. அவளுக்கும் அந்த எண்ணம் கிடையாது. பிள்ளையின் தகப்பன் சுதன் என்ற பொடியன். வன்னியில் யுத்தத்தில் தாய் தகப்பனையும் கூடப்பிறந்தவர்களையும் இழந்து, இங்கே வந்து இறால் பண்ணையில் வேலை செய்தவன். அவனுக்காக வந்து கதைக்க ஒருவரும் இல்லை. இருந்திருந்தாலும் பலன் இல்லை. அவன் ஆர் ஆக்கள் என்று முதல் நாளே விசாரித்து முடித்துவிட்டார்கள். தாங்கள் வீட்டுக்குள் எடுக்கிற சாதியில்லை என்று கண்டவுடன் அவனை அடித்துத் துரத்தினார்கள். அவன் சிலாபத்தில் ஒரு கூட்டாளியின் அறையில் இருந்தான். அவளுடைய போனைப் பறித்துவிட்டார்கள்.

"இப்ப பரவாயில்ல மிஸ்ஸி. முந்தி அடிச்ச சித்தப்பாவே இப்ப நல்ல மாதிரிக் கதைக்கிறார். பிஸ்கட் எல்லாம் வாங்கித் தாறார். யாழ்ப்பாணத்தில ஆரோ சொந்தக்காரர் வீட்ட கொண்டுபோய் விடுறாராம். அங்க பிள்ளையப் பெத்துட்டு வரட்டாம்."

"யாழ்ப்பாணத்தில உங்களுக்கு ஆர் சொந்தம்?"

அவள் யோசித்தாள். அவளுக்கு யாரும் நினைவுக்கு வரவில்லை.

வேலியடியில் செல்லக்கா சொன்னது எனக்கு அப்போதுதான் திரும்ப நினைவுக்கு வந்தது.

"மேகலா, நீ ஆரிட்டயாவது சாகப்போறன் எண்டு சொன்னியா?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "நானா? நான் ஏன் மிஸ்ஸி சாகப்போறன்? எனக்கு இந்தப் பிள்ளை வேணும்."

பிள்ளைகளே, இதைத்தான் நன்றாக மனதில் பதித்துக்கொள்ளுங்கள். அடிக்கிற காலத்தில் ஆபத்து உண்டுதான். ஆனால் அடித்தவர் திடீரென்று அன்பாகிவிட்டால், எங்கோ கூட்டிப் போவதாகச் சொன்னால், பெண் சொல்லாத ஒன்றை அவள் சொன்னதாக வீட்டார் ஊருக்குள் சொல்லிவைத்தால், முடிவு எடுத்தாகிவிட்டது என்று அர்த்தம். அவள் செத்த பிறகு ஊர் சொல்லவேண்டிய கதையை அவள் உயிரோடு இருக்கும்போதே ஊருக்குப் பாடமாக்கிக் கொடுத்துவிட்டார்கள்.

நான் ஸ்கூட்டரை எடுக்கும் வரைக்கும்தான் எனக்கு யோசிக்க நேரம். அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு போக முடியாது, விறாந்தையில் இரண்டு ஆண்கள். பொலிஸுக்குப் போகலாம், போகத்தான் வேண்டும், போகவும் போனேன். ஆனால் பொலிஸ் வந்து, தகப்பன் பொறுப்பெடுத்து, புத்திமதி சொல்லிவிட்டுத் திரும்பிப் போனால் அதற்குப் பிறகு அந்த அறைக்குள் என்ன நடக்கும்? எல்லாவற்றுக்கும் மேலாக, அவளுக்கு நாலு மாதம் என்று தெரிந்தவர்கள் ஊரில் அந்த வீட்டாரும் நானும் மட்டும்தான். நான் வழக்கம்போல வாயை மூடிக்கொண்டு போனால் மூத்த மிஸ்ஸியின் கதைதான் எனக்கும்.

"மேகலா, இதை நான் ஊருக்குச் சொல்லட்டா?"

அவளுடைய முகம் செத்துப்போனது. "ஐயோ மிஸ்ஸி, வேண்டாம்."

நான் எனக்குள்ள சந்தேகத்தை ஒளிக்காமல் சொன்னேன். சுற்றி வளைக்க நேரமில்லை. சித்தப்பா என்ன செய்யப் போகிறார் என்று நினைக்கிறேன், ஏன் அப்படி நினைக்கிறேன் என்று சொன்னேன். அவள் அழவில்லை. கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தாள். நான் இரண்டாம் தரம் கேட்டேன்.

"ஊரெல்லாம் என்னைப் பற்றிக் கதைக்குமே மிஸ்ஸி."

"கதைக்கும். நல்லாக் கதைக்கும். உன்னைப் பற்றிக் கதைக்கிற சனம் உன்னைப் பார்க்கவும் வரும்."

கட்டில் சட்டத்தை விட்டு நிமிர்ந்து, "சொல்லுங்க" என்றாள். அவள் அதைச் சொல்லியிராவிட்டால் நான் சொல்லியிருக்க மாட்டேன். இரகசியம் அவளுடையது. உடைக்கிற உரிமையும் அவளுடையதுதான். பாடப்புத்தகத்தில் இருப்பதை நான் மீறிவிட்டேன் என்று பிறகு ஒரு பெரியவர் என்னிடம் குறைப்பட்டார். அவருக்கும் இதைத்தான் சொன்னேன்.

ஒன்று மட்டும் அவளிடம் சொல்லிவிட்டு எழும்பினேன். "இனிமேல் வீட்டில தாறத வாயில வைக்காத. அயலுக்குள்ள இருந்து வாறத, அவங்களுக்கு முன்னால, அவங்களோட சேர்ந்து சாப்பிடு."

விறாந்தைக்கு வந்தேன். கதிரையில் இருந்து, மிகச் சாதாரணமாகத் தொடங்கினேன்.

"நாலு மாசம். பிள்ளை நல்லா இருக்கு. இண்டைக்கே பதிஞ்சுபோட்டன். இனி அவ என்ட பதிவில உள்ள தாய். உங்களுக்குத் தெரியாதெண்டா சொல்லுறன், வயித்தில பிள்ளையோட ஒரு தாய் என்ன விதமாச் செத்தாலும் எங்களை விட மாட்டாங்க. பெரிய டொக்டர்மார் வந்து இந்த விறாந்தையில இருந்து, என்ன சாப்பிட்டா, ஆர் குடுத்தது, கடைசியா ஆர் பார்த்தது எண்டு ஒவ்வொருத்தராக் கேப்பாங்க."

தகப்பன் தலையில் கையை வைத்தார். அவர் கெட்டவர் இல்லை என்று எனக்கு இன்றும் தோன்றுகிறது, அதனால்தான் இன்னும் கோபமாகவும் இருக்கிறது. மூத்தவள் மேகலாவை இப்படி வீட்டில் வைத்துக்கொண்டு இளையவளுக்கு எப்படி மாப்பிள்ளை பார்ப்பது, நாளைக்குக் கரையில் எவன் என் சொல்லைக் கேட்பான் என்ற பயம் ஒன்றுதான் அவருக்குள் நின்றது. தம்பிக்குப் பயம் கிடையாது. அவர் மெதுவாகச் சிரித்தார்.

"மிஸ்ஸி தனியாத்தானே ஸ்கூட்டரில போய் வாறீங்க. ரோட்டும் அவ்வளவு சரியில்ல."

"ஓம், பெரிய குழியெல்லாம் கிடக்கு. பிரதேச சபைக்கு ஒருக்காச் சொல்லிவிடுங்க" என்று சொல்லிவிட்டு எழும்பினேன்.

படலையைத் திறந்து, ஸ்கூட்டரில் ஏறி இருந்து, வேலிக்கு மேலால் செல்லக்காவைக் கூப்பிட்டேன். ஏற்கெனவே சொன்னேனே, என் வாய் பொல்லாதது என்று. சத்தமும் அப்படித்தான்.

"செல்லக்கா, மேகலாக்கு நாலு மாசம்! வாய்க்கு ஒண்டும் பிடிக்குதில்லையாம். புளிப்பா ஏதாவது கிடந்தாக் கொண்டுவந்து குடுங்க!"

செல்லக்காவின் கையில் இருந்த கருவாட்டுத் தட்டு அப்படியே நின்றது. அடுத்த வளவில் தலை ஒன்று எழும்பியது, அதற்கடுத்த வளவில் இரண்டு. எனக்குப் பின்னால் விறாந்தையில் கதிரை ஒன்று சரிந்து விழுந்தது. செல்லக்கா என் முகத்தைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. அவர் அந்த வீட்டைப் பார்த்தார், பிறகு திரும்ப என்னைப் பார்த்தார். விளங்கிக்கொண்டார்.

எங்கள் கரையில் வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு ஆசைப்பட்டதைக் கொடுக்காமல் விடுவது பாவம். எந்த வீட்டுப் பெண்ணானாலும் சரி, கொண்டுபோனவளைப் படலையில் வைத்துத் திருப்பி அனுப்புவது அதைவிடப் பாவம். சண்டைக்கார வீட்டில்கூட அதைச் செய்யமாட்டார்கள். நான் வேறு எதையும் கண்டுபிடிக்கவில்லை. இருந்த வழக்கத்தை அந்த வாசலுக்குக் கொண்டுபோய் விட்டேன், அவ்வளவுதான்.

நான் நேரே பொலிஸுக்கும் அங்கிருந்து எங்கள் வைத்திய அதிகாரியிடமும் போனேன். பிரதேச செயலகத்தில் பெண்கள் விஷயம் பார்க்கும் உத்தியோகத்தருக்கும் சொன்னேன். டொக்டர் நல்ல மனிதர், கடிதம் எழுதுவதற்கு முன் போனை எடுக்கிற ஆள். ஆனாலும் வாகனம் வேண்டும், கையெழுத்து வேண்டும். வருவதற்கு ஒன்றிரண்டு நாளாகும் என்றார்கள். அந்த ஒன்றிரண்டு நாளைத்தான் ஊர் பார்த்துக்கொண்டது.

செல்லக்கா அன்றே ஊறுகாயும் சோறும் கொண்டு போனார். சித்தப்பா படலையில் நின்று, "தாங்க, நாங்க குடுக்கிறம்" என்றாராம். "நான் குடுத்து அவள் தின்னுறதப் பார்க்கோணும் தம்பி, இல்லாட்டி எனக்குத்தான் பாவம்" என்று சொல்லிக்கொண்டு செல்லக்கா உள்ளே போய்விட்டார். ஒரே தட்டில் இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். அவருக்குப் பிறகு மாங்காய் வந்தது, பாணும் பருப்பும் வந்தது, ஆரோ நண்டுக் குழம்பு கொண்டு வந்தார்கள்.

எல்லாரும் நல்லெண்ணத்தில் வந்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பாதிப் பேர் புதினம் பார்க்க வந்தவர்கள். சம்மாட்டி வீட்டுப் பெருமை சரிந்து கிடப்பதைக் கண்ணால் கண்டு போக வந்தவர்களும் இருந்தார்கள். வெளியே போய் வாய் கூசாமல் கதைத்தார்கள். அதெல்லாம் மேகலாவின் காதில் விழுந்தது, அவள் கூனிக் குறுகிப் போனாள். ஆனால் வந்தவர்கள் எல்லாரும் அவளைக் கண்ணால் கண்டார்கள். அவள் மாங்காய் தின்பதையும் சிரிப்பதையும் கண்டார்கள். சாகப்போறன் என்று நிற்கிற பிள்ளை இப்படியா இருக்கும் என்று அவர்களே ஒருவருக்கொருவர் கேட்கத் தொடங்கினார்கள்.

செல்லக்காவின் புருஷன் சம்மாட்டியின் கயிற்றில் நிற்கிறவர். பெண்சாதியை அந்த வீட்டுக்கு அனுப்பினால் நாளைக்குக் கயிற்றடிக்கு வரவேண்டாம் என்று சித்தப்பா அவருக்குச் சொல்லி அனுப்பினார். அவர் வந்து செல்லக்காவிடம் கெஞ்சினார். பிறகு செல்லக்கா எனக்குச் சொன்னார்: "நான் சொன்னன் மிஸ்ஸி, வலை இந்தக் கரையில இல்லாட்டி அடுத்த கரையில கிடக்கும், இந்தப் பிள்ளை செத்தா நாளைக்கு நான் எப்பிடிக் கருவாடு புரட்டுறது, இந்த வேலிக்குப் பக்கத்தில நிண்டுதானே புரட்டோணும் எண்டு." புருஷன் அதற்குமேல் மறிக்கவில்லை. அடுத்த நாள் அவரைக் கயிற்றில் சேர்க்கவில்லை. அது நடந்தது, மறைக்க மாட்டேன். நல்லது செய்தால் உடனே நல்லது நடக்கும் என்று நான் உங்களுக்குப் பொய் சொல்லப் போவதில்லை.

நான் கிளினிக்கில் குழந்தைகளை நிறுத்துக்கொண்டிருந்தபோது செல்லக்காவின் போன் வந்தது.

"மிஸ்ஸி, வான் வந்து நிக்குது. யாழ்ப்பாணமாம். நான் ஏறிட்டன்."

"நீங்க எங்க ஏறினீங்க?"

"வானுக்குள்ளதான். கெதியா வாங்க."

தராசில் இருந்த குழந்தையைத் தாயின் கையில் கொடுத்துவிட்டு ஓடினேன். போகிற வழியில் பொலிஸுக்கும் டொக்டருக்கும் சொன்னேன். நான் போய்ச் சேர்ந்தபோது அந்த ஒழுங்கையில் சனம் நிறைந்து நின்றது. வாடகை வான் ஒன்று படலையோடு நின்றது. பின் ஆசனத்தில் மேகலா, அவளை ஒட்டிக்கொண்டு செல்லக்கா, மடியில் ஒரு சீலைப்பை. முன்னால் இன்னும் மூன்று பெண்கள். ஒருத்தி கைக்குழந்தையோடு.

சித்தப்பா கத்திக்கொண்டு நின்றார். "இறங்குங்கடி! ஆர் உங்களைக் கூப்பிட்டது?"

"நாங்களும் யாழ்ப்பாணம் பார்க்கேல்ல தம்பி. யுத்தத்தோட போகாத இடம். வயித்துப் பிள்ளைக்காரிய வழித்துணை இல்லாம அனுப்பக் கூடாதுதானே" என்றார் செல்லக்கா. பகிடி போலத்தான் சொன்னார், ஆனால் அந்த ஒழுங்கையில் ஒருவரும் சிரிக்கவில்லை. சித்தப்பா எட்டி அவருடைய கையைப் பிடித்து இழுத்தார். செல்லக்கா ஆசனத்துக் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். கைக்குழந்தை வீரிட்டு அழுதது.

அதுவரை சும்மா இருந்த சாரதி எஞ்சினை நிறுத்தினார். கனமூலை என்ற ஊர்க்காரர், முஸ்லிம், நாற்பது வயதிருக்கும். இந்த ஊருக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வாடகைக்குக் கூப்பிட்டார்கள், வந்தார். அவர் இறங்கிப் பின்பக்கம் வந்து, கதவருகே நின்று மேகலாவைப் பார்த்தார்.

"தங்கச்சி, நீங்க விரும்பித்தானா வாறீங்க?"

அதை அவளிடம் கேட்டது அந்த ஒருவர்தான். அவள் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினாள். பிறகு, "எனக்குப் போக விருப்பமில்ல நானா. என்னைக் கொல்லப் போறாங்க" என்றாள். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம்.

ஊர் முழுக்க அதைக் கேட்டது. விறாந்தையில் நின்ற தகப்பனும் கேட்டார். அவர் தூணைப் பிடித்துக்கொண்டு கீழே இருந்துவிட்டார்.

சாரதி சித்தப்பாவிடம் திரும்பினார். "எனக்கு இந்த ஹயர் ஏலா மச்சான். எனக்கும் மூணு பொம்புளப் புள்ளைகள். நாளைக்கு அல்லாஹ்வுக்குப் பதில் சொல்லோணும்." வான் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். சித்தப்பா அவர்மேல் பாய்ந்தார். அப்போதுதான் ஆண்கள் அசைந்தார்கள். செல்லக்காவின் புருஷன் முன்னுக்கு வந்தார், அவரோடு கயிறு இழுக்கிற இன்னும் சிலர். ஒருவரும் அடிக்கவில்லை. வானுக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில் போய் நின்றார்கள். பொலிஸ் ஜீப் வரும்வரைக்கும் நின்றார்கள்.

பிறகு அதே வான் மேகலாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது. சாரதி சாவியைத் திரும்ப எடுக்கிறபோது, மேகலாவின் தாய் ஒரு பையில் அவளுடைய உடுப்புகளை அள்ளித் திணித்துக்கொண்டு செருப்பில்லாமல் ஓடி வந்து ஏறினார். மகளைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. "எடுங்க தம்பி" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேகலாவை வார்ட்டில் சேர்த்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் வந்து, நாங்கள் பொறுப்பு, பிள்ளையை வீட்டுக்கு விடுங்கள், கலியாணத்தை நாங்களே செய்து வைக்கிறோம் என்றார்கள். இப்படி ஒரு தூது கட்டாயம் வரும். அழுதுகொண்டுதான் வரும். அதற்கு மட்டும் இரங்கிவிடாதீர்கள். திரும்பிப் போன பிள்ளைகள்தான் அதிகம் செத்திருக்கிறார்கள் என்று மூத்த மிஸ்ஸி சொல்லுவார். நான் மாட்டேன் என்றேன், டொக்டரும் மாட்டேன் என்றார், அவள் தானும் மாட்டேன் என்றாள். சித்தப்பா மறியலுக்கு, அதாவது சிறைக்குப் போனார். சுதனும் மேகலாவும் கலியாணம் எழுதிக்கொண்டு வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார்கள். பெண் பிள்ளை பிறந்தது. தகப்பன் இன்றுவரை மகளோடு பேசவில்லை. ஆனால் அடுத்த மாரிக்குள் செல்லக்காவின் புருஷனைக் கயிற்றில் சேர்த்துக்கொண்டார். ஏன் என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

நான் சொல்லவந்தது அதுவும் இல்லை. வானில் ஆஸ்பத்திரிக்குப் போன அன்று, மேகலாவை உள்ளே எடுத்த பிறகு, நானும் தாயும் வார்ட்டுக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு அந்த மனுசிமேல் ஆத்திரம். கிணற்றடியில் கதை பரப்பியவர் அவர். கொளுக்கியைப் பூட்டித் திறந்தவர் அவர். பேச எனக்கு விருப்பமில்லை. அவராகத்தான் தொடங்கினார்.

"போத்தில் அலுமாரிக்கு மேல கிடக்கு மிஸ்ஸி. பொலிசுக்குச் சொல்லுங்க."

"என்ன போத்தில்?"

"பூச்சிமருந்து. மச்சான், பிள்ளையின்ட சித்தப்பா, கொண்டுவந்து வச்சவர். யாழ்ப்பாணக் கதை சரிவராட்டி எண்டு." பையின் பிடியை முறுக்கிக்கொண்டே இருந்தார். "ஆனா அதுக்குள்ள மருந்தில்ல. கொண்டுவந்த அண்டைக்கே வளவு மூலையில மண்ணைத் தோண்டி ஊத்திட்டன். ஊத்திட்டுத் தண்ணி நிரப்பி வச்சன். கறுத்தப் போத்தில், வெளியால தெரியாது. எண்டாலும் ஆராவது மூடியத் திறந்தா என்ன செய்யிறது எண்டு அலுமாரியையே பார்த்தபடி. கிணத்தடியில கதைக்கச் சொல்லியும் மச்சான்தான் சொன்னவர். கதைக்காட்டி என்னைச் சந்தேகப்பட்டுப் போத்திலைத் திறந்து பார்ப்பார் எண்டு கதைச்சன்."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அந்த வீட்டுக்குள், எங்களுக்கெல்லாம் முன்னாலேயே, ஒருத்தி தன்னந்தனியாக அந்தப் பிள்ளையைக் காத்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"அக்கா, ஏன் இதை ஒருத்தரிட்டயும் சொல்லேல்ல? என்னட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

அவருக்கு என்மேல் கோபமில்லை. களைத்துப்போயிருந்தார், அவ்வளவுதான்.

"வந்த எல்லாரும் பிள்ளை எப்பிடி, பிள்ளை எப்பிடி எண்டுதான் கேட்டாங்க. நீங்களும் கொளுக்கியக் கழட்டச் சொல்லிப்போட்டு நேர உள்ளுக்குப் போனீங்க. என்னட்ட ஆர் மிஸ்ஸி கேட்டது?"